சோப்பு, கூந்தல் எண்ணெய், சீயக்காய்த் தூள்: காலியான பிறகும் வீணாகாத பேக்கிங் அமைப்பது எப்படி

பேக்கிங் வடிவமைக்க உட்காரும் முன் உங்கள் ஊர்க் காயலான் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பயன்படுத்த நினைக்கும் பாட்டில், டப்பா, மூடி, பவுச், டியூப் ஆகியவற்றின் காலி மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை எடுத்துக்கொள்வார், எதை வேண்டாம் என்பார், எதற்குக் கிலோ என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் மறுசுழற்சி பெரும்பாலும் கையால் பிரித்து, எடை போட்டு, கைமாறி நடக்கிறது. பாட்டிலின் அடியில் முக்கோணக் குறி இருந்தாலும் வாங்க ஆள் இல்லையென்றால் அது குப்பைமேட்டுக்குத்தான் போகும். சிறிய அளவில் சோப்பும் எண்ணெயும் பொடியும் தயாரிப்பவர்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு கேள்வியில் வைத்துப் பார்க்கலாம்.

பெட், எச்டிபிஇ, பிபி, பிவிசி என்பவை பிளாஸ்டிக் வகைகள்; அடைப்பில் உள்ளது அடியிலுள்ள முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண். பொதுவாக விலை போகிறவை: அட்டைப்பெட்டி, காகிதம், அலுமினியம், தகர டப்பா, நிறமில்லாத பெட் பாட்டில் (1), எச்டிபிஇ பாட்டில் (2), கெட்டியான பிபி டப்பா, மூடி (5). கண்ணாடிக்கு விலை குறைவு; சில கடைகள் வாங்குவதே இல்லை. யாரும் தொடாதவை: சாஷே, பற்பசை டியூப் போன்ற பல அடுக்கு டியூப், பிவிசி சுருக்கு உறை (3), பம்ப், ஸ்பிரே தலை, உள்ளே பளபளக்கும் பவுச், மிகச் சிறிய உதிரிப் பிளாஸ்டிக் துண்டுகளும்.

சாஷே ஷாம்புவுக்கு வழி போட்டவர்களில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முக்கியமானவர். கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கும் ஷாம்பு எட்டியது அதனால்தான். ஆனால் அந்த உறையில் பாலியெஸ்டர், உலோகப் பூச்சு, பாலித்தீன் எல்லாம் ஒட்டிக்கிடக்கின்றன. பிரிக்க முடியாது, விற்க முடியாது, காலி உறையின் எடையும் ஒன்றுமில்லை. சிறிய விலையில் விற்க வேண்டுமானால் சாஷேவை விட்டுவிட்டு 15–20 கிராம் சிறு கட்டியாக யோசியுங்கள்.

சோப்பின் உறை

குளிர்முறைச் சோப்புக்கு (எண்ணெயையும் காரத்தையும் கொதிக்கவிடாமல் கலந்து செய்வது) பிளாஸ்டிக்கே தேவையில்லை. ஆனால் நேரம் பார்த்துச் சுற்ற வேண்டும். வெட்டிய கட்டிகள் 4 முதல் 6 வாரம் காற்றாட இருக்கட்டும். ஐந்து கட்டிகளில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். ஒரு வாரத்தில் இழக்கும் எடை 1 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் உறை போடலாம். அவசரப்பட்டுச் சுற்றினால் மூன்று கேடு. சோப்பிலிருந்து வெளியேறும் ஈரம் காகிதத்தில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சோப்பு சுருங்கச் சுருங்க உறை தொளதொளவென்று கழன்று வரும். லேபிளில் போட்ட நிகர எடையும் பொய்யாகிவிடும்.

இருக்கும் வழிகளில் எளியது நடுவில் சுற்றும் காகிதப் பட்டை. 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) உள்ள பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதம் போதும். 75 × 50 × 25 மி.மீ. கட்டிக்குக் கணக்கு இப்படி: குறுக்குச் சுற்றளவு 2 × (50 + 25) = 150 மி.மீ.; ஒட்டும் மடிப்புக்கு 15; மடிப்புகளில் தளர்வுக்கு 2; மொத்தம் 167 மி.மீ. நீளம். அகலத்தை மட்டும் ருசிக்கு விடாமல் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 23 × 36 அங்குலத் தாள் 584 × 914 மி.மீ. அச்சு இயந்திரம் தாளைப் பிடிக்கும் விளிம்புக்கு 12 மி.மீ. கழித்தால் 572. பட்டை 55 மி.மீ. அகலம் என்றால் அதில் பத்து வரிசை, நீளவாக்கில் ஐந்து. ஒரு தாளுக்கு 50 பட்டை. அகலத்தை 52 ஆக்கினால் பதினோரு வரிசை சரியாக உட்காரும், 55 பட்டை. மூன்று மில்லிமீட்டரில் அதே தாளில் பத்து சதவீதம் கூடுதல் பட்டை. பின்னணி நிறம் விளிம்பு வரை ஓடாத வடிவமாக இருந்தால்தான் இப்படி இடைவெளி விடாமல் வெட்ட முடியும் என்பதால் கிராஃப்டின் சொந்த நிறத்தையே பின்னணியாக விட்டுவிடுங்கள். மையும் குறையும்.

மடிப்புகள் காகித நாரின் ஓட்டத்துக்கு இணையாக வர வேண்டும். எதிராக மடித்தால் மடிப்பில் நார் வெடித்து அச்சு உரியும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழலாகச் சுருளும், குழல் நீளும் திசையே நாரின் திசை. அச்சகத்துக்குத் தரும் வரைபடத்தில் இதை அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுங்கள். சொல்லாவிட்டால் எப்படி அதிகம் வெட்ட முடியுமோ அப்படித்தான் வெட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சோப்பில் 5 முதல் 8 சதவீதம் வரை சோப்பாக மாறாத உபரி எண்ணெய் வைத்திருந்தால் காகிதத்தில் திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறை தெரியும். பட்டைக்கு அடியில் 40 ஜிஎஸ்எம் கிளாசின் தாள் (எண்ணெய் ஊறாத வழவழப்பான காகிதம்) ஒரு சுற்று கொடுத்தால் கறை நிற்கும். கடையில் ‘பட்டர் பேப்பர்’ என்று தருவதெல்லாம் கிளாசின் ஆகாது. மெழுகோ பாலித்தீனோ பூசியதும் அதே பெயரில் வரும். நகத்தால் கீறிப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்து நகத்தில் பிசுக்கு ஒட்டினால் மெழுகு. ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுக் காலையில் விரலால் தேயுங்கள். நார் கரைந்து ஒரு மெல்லிய ஏடு மிஞ்சினால் பாலித்தீன். இந்தத் தண்ணீர்ச் சோதனையை நீங்கள் வாங்கும் எல்லாக் ‘காகித’ப் பொருளுக்கும் செய்யுங்கள். ‘பேப்பர்’ என்ற பெயரில் விற்கப்படும் பிளாஸ்டிக் நிறைய இருக்கிறது.

அச்சிடும்போது காரம் தாங்கும் மை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். சோப்பின் பிஎச் (காரத்தின் அளவு; 7க்கு மேல் காரம்) 9, 10 என்று இருக்கும். சாதாரண மைகளில் சில அதில் நிறம் மாறும் அல்லது சோப்பில் ஒட்டிக்கொள்ளும். அச்சுப் பிரதியின் மேல் ஈரச் சோப்பை ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்த அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள். பளபளப்புக்காகப் பிளாஸ்டிக் லேமினேஷன் கேட்காதீர்கள். அதைப் போட்ட அட்டையைக் காகித ஆலை கூழாக்கும்போது ஏடு ஏடாகப் பிரிந்து கழிவாகிறது. நீர் வார்னிஷ் போதும். சிவகாசியில் பெட்டி அடிக்கும் அச்சகங்களுக்கு இது பழக்கமான வேலை. பட்டையைச் செல்லோ டேப்பால் ஒட்டாமல் ஸ்டார்ச் பசையோ மரவேலைக்கான வெள்ளைப் பசையோ ஒரு சொட்டு வையுங்கள்.

பெட்டிதான் வேண்டும் என்றால் 300 ஜிஎஸ்எம் அட்டை, இரு பக்கமும் செருகு மடிப்பு, ஜன்னல் இல்லாமல். ஜன்னலில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்தான் நல்ல அட்டையைக் கெடுக்கிறது. வாசனை தெரிய வேண்டுமானால் 8 மி.மீ. துளை ஒன்று போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: உருக்கி ஊற்றும் கிளிசரின் சோப்பு இந்த முறைக்கு ஒத்துவராது. அது காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர ஊர்களில் இரண்டே நாளில் காகிதம் நனைந்துவிடும். அதற்குப் பிளாஸ்டிக் உறை தேவைப்படுகிறது. பிளாஸ்டிக்கை விடுவதுதான் நோக்கம் என்றால் சோப்பு வகையையே மாற்ற வேண்டும். பேக்கிங்கின் பாதி வேலை தயாரிப்புக் குறிப்பிலேயே முடிந்துவிடுகிறது. திரவ ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கட்டியாக்கினால் பாட்டில் என்ற கேள்வியே எழாது.

ஷாம்புக் கட்டிக்கு அலுமினிய டப்பா தருகிறவர்கள் கவனிக்க: அமிலத்தன்மை லேசாக உள்ள ஷாம்புக் கட்டி உலர்ந்த நிலையில் அதில் இருக்கலாம். காரத்தன்மையுள்ள சாதாரணச் சோப்பை ஈரத்தோடு போட்டால் அலுமினியம் அரித்துச் சாம்பல் நிறக் குழம்பு வடியும். உள்பூச்சு உள்ள டப்பாவாகக் கேளுங்கள். அடியில் நீர் வடியத் துளையுள்ள தட்டு வைக்கவில்லை என்றால் எந்த டப்பாவிலும் கட்டி ஊறிக் கரைந்துவிடும்.

கூந்தல் எண்ணெய்ப் பாட்டில்

கண்ணாடி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 100 மி.லி. கண்ணாடிப் பாட்டில் சுமார் 80 முதல் 100 கிராம் எடை. அதே கொள்ளளவு பெட் பாட்டில் சுமார் 12 முதல் 15 கிராம். கண்ணாடியை உருக்க வேண்டிய வெப்பமும், சுமந்து செல்லும் எரிபொருளும், உடையாமல் இருக்கச் சுற்றும் பொதியும் சேர்ந்துவிடும். பாட்டில் திரும்ப வந்து பலமுறை நிரப்பப்பட்டால் மட்டுமே கண்ணாடிக்கு நியாயம் கிடைக்கும். உள்ளூர்ச் சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்பவர்கள் கண்ணாடி வைக்கலாம். கூரியரில் வெளியூர் அனுப்புகிறவர்கள் நிறமில்லாத பெட் அல்லது வெள்ளை எச்டிபிஇ எடுப்பதே சரி என்பது எங்கள் முடிவு.

இரண்டில் எது? வெறும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் என்றால் வெள்ளை எச்டிபிஇ, வெளிச்சத்தையும் தடுக்கும். ரோஸ்மேரி, புதினா போன்ற நறுமண எண்ணெய் கலந்திருந்தால் எச்டிபிஇ ஒத்துவராது. வாசனை சுவர் வழியே கசிந்து போகும், சில வாரங்களில் பாட்டிலின் பக்கங்கள் உள்ளே குழிந்துவிடும். அதற்குப் பெட் எடுங்கள். வெளிச்சத்தால் எண்ணெய் காறுவதைத் தடுக்க அம்பர் நிறம் கேட்கத் தோன்றும். நிறமுள்ள பெட்டுக்குப் பழைய சாமான் விலை குறைவு. அதைவிட, ஒரு மாதத்தில் தீரும் அளவுக்குப் பாட்டிலைச் சிறிதாக்கி, கழுத்து வரை நிரப்பிக் காற்றிடத்தைக் குறையுங்கள். கறுப்புப் பாட்டில் எந்த வகையிலும் வேண்டாம்; அதில் நிறத்துக்குச் சேர்க்கும் கரிமக் கறுப்பால் இயந்திரப் பிரிப்பான்களின் அகச்சிவப்புக் கண் அதைப் பார்ப்பதில்லை.

மறுசுழற்சி ஆலையில் பெட்டை அரைத்துத் தண்ணீரில் போடுவார்கள். பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, மூழ்கும். பிபி 0.90, எச்டிபிஇ 0.95 அளவு, மிதக்கும். ஆகவே பெட் பாட்டிலில் பிபி மூடி, பிபி லேபிள் இருந்தால் தொட்டியிலேயே பிரிந்துவிடும். பிவிசி பெட்டோடு சேர்ந்து மூழ்கும். பெட்டை உருக்கும் சூட்டில் சிதைந்து அமிலம் கக்கி, மொத்தப் பெட்டையும் மஞ்சளாக்கிவிடும். கழுத்தில் சூடு காட்டிச் சுருக்கும் அந்தச் சிறிய உறைகூடப் பெரும்பாலும் பிவிசிதான். அதை விட்டுவிட்டு, திறக்கும்போது வளையம் அறுந்து நிற்கும் மூடியை வாங்குங்கள். கலப்படப் பயத்துக்கு அதே பாதுகாப்பு.

எண்ணெய்ப் பாட்டிலில் காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஒரு வாரத்தில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கும், லேபிள் நழுவும். எச்டிபிஇக்குப் பாலித்தீன் லேபிள், பெட்டுக்குத் தண்ணீரில் கழலும் பசையுள்ள பிபி லேபிள். எச்டிபிஇ பாட்டிலில் நேரடியாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்தால் லேபிளே தேவையில்லை. மாறாத விவரங்களை அச்சிட்டு, தொகுதி எண், தேதி, விலையை மட்டும் இங்க்ஜெட்டில் பின்னால் போடலாம்.

கழுத்து அளவைப் பொறுத்தவரை பாட்டிலும் மூடியும் ஒரே குறியீட்டில் இருக்க வேண்டும்: 24/410 என்றால் 24 மி.மீ. விட்டம், ஒன்றரைச் சுற்று மரை. 24/415 மூடி அதில் ஏறுவதுபோல் தோன்றும், இறுகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்து இளகுவதால் இரவும் பகலும் அளவு மாறி மூடியோரம் கசியும். பத்துப் பாட்டிலை 40 டிகிரியில் ஒரு நாள் படுக்க வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். ஒரு பொட்டு எண்ணெய் தெரிந்தாலும் மூடியோ உள்வட்டோ மாற வேண்டும்.

பம்ப் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். உள்ளே எஃகுச் சுருள், குண்டு, இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக். திரவச் சோப்புக்கு, ஓரத்தில் அழுத்தினால் வாய் திறக்கும் வட்டத் தட்டு மூடி போதும். பம்ப் இல்லாமல் முடியாது என்றால் முதல்முறை மட்டும் பம்ப்போடு விற்று, அடுத்தடுத்து சாதா மூடியில் மறுநிரப்புப் பாட்டில் கொடுங்கள். சோப்புத் திரவம் எச்டிபிஇயில் அழுத்தம் உள்ள இடங்களில் மெல்ல விரிசல் விடவும் செய்யும். மூலைகள் கூர்மையாக இல்லாத பாட்டிலாகத் தேர்ந்து, நிரப்பி, 50 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துச் சோதியுங்கள்.

சீயக்காய், நலங்குமாவு

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். வெளியே பழுப்புக் காகிதம், உள்ளே வெள்ளி நிறம், நடுவில் ஜன்னல், மேலே ஜிப். கிராஃப்ட் பவுச் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். பார்க்க இயற்கையாக இருக்கும்; பிரித்துப் பார்த்தால் காகிதம், அலுமினியம் அல்லது உலோகப் பூச்சு, பாலித்தீன் மூன்றும் ஒட்டியிருக்கும். காகிதக்காரரும் வாங்கமாட்டார், பிளாஸ்டிக்காரரும் வாங்கமாட்டார். சாதாரணப் பாலித்தீன் பை இதைவிட நேர்மையானது.

பொடிக்கு ஈரத்தடுப்பு கட்டாயம். வெறும் காகிதத்தில் சீயக்காய் கட்டிபிடிக்கும், நுண்தூள் தையல் வழியே உதிரும். நாங்கள் சொல்லும் அமைப்பு இரண்டு தனித்தனிப் பொருள்: அச்சில்லாத, 80 முதல் 100 மைக்ரான் பாலித்தீன் பை, அதைச் சுற்றி எல்லா விவரமும் அச்சிட்ட 300 ஜிஎஸ்எம் அட்டைப்பெட்டி. இரண்டையும் ஒட்டாதீர்கள். வீட்டில் பிரிப்பவர் கைக்கு இரண்டும் சுத்தமாகப் பிரிந்து வரும். கூடவே அளவைப் பெரிதாக்குங்கள். ஐந்து 100 கிராம் பைகளுக்குப் பதில் ஒரே வடிவில் ஒரு 500 கிராம் பை என்றால் பிளாஸ்டிக் சுமார் 40 சதவீதம் குறையும்.

அரைத்த சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும். ஆறவிட்டு நிரப்புங்கள். வண்டு முட்டை காயிலேயே வந்திருக்கும். எந்தப் பையும் அதைத் தடுக்காது, மெல்லிய பையை உள்ளிருந்தே துளைத்துவிடும். அரைக்கும் முன் காயை மெல்லிதாகப் பரப்பி 60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துவது பேக்கிங்கைவிடப் பெரிய பாதுகாப்பு.

பனை ஓலைக் கொட்டான் அழகானது, பரிசுத் தொகுப்புக்கு நல்லது. நன்றாகக் காயவைத்து, பொருள் நேரடியாகப் படாமல் காகிதம் விரித்து வையுங்கள். எண்ணெயும் ஈரமும் பட்டால் ஓலை கறுத்துப் பூசணம் பிடிக்கும்.

காகிதக் குழலில் உதட்டுத் தைலம்

கீழிருந்து விரலால் தள்ளும் காகிதக் குழல் நன்றாகவே வேலை செய்யும், கோடை வரும் வரை. எண்ணெய் சுவரில் ஊறி வெளியே கறையாகத் தெரிவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. காரணம் பெரும்பாலும் ஊற்றிய சூடு. 70 டிகிரிக்கு மேல் உருகிய கலவையை அப்படியே ஊற்றினால் காகிதம் குடித்துவிடும். 55 டிகிரி அளவுக்கு ஆறி, ஓரங்களில் லேசாகக் கெட்டியாகத் தொடங்கும்போது ஊற்றுங்கள். தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும். நம் வெயிலுக்கு மொத்தத்தில் 30 சதவீதம் வரை மெழுகு இருக்கட்டும். ஊற்றும் முன் அடித்தட்டின் விளிம்பில் உருகிய மெழுகைத் தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்தால் கீழ்ப்பக்கம் ஒழுகாது. நிரப்பிய குழல்களை 45 டிகிரியில் நிறுத்தி வைத்து, ஒரு வாரத்தில் கறை வருகிறதா என்று பாருங்கள்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ பற்றி

சோளத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ டப்பாக்களைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். அது வீட்டுத் தோட்டத்துக் குழியில் மக்காது. 58 டிகிரி அளவுக்குச் சூடு நிலைத்து நிற்கும் தொழில்முறை உரக் கிடங்கு வேண்டும். 55–60 டிகிரியில் இளகிவிடும் என்பதால் மே மாத வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் டப்பா கோணிப்போகும். பெட்டோடு கலந்தால் அதையும் கெடுக்கும். வாங்கியே ஆக வேண்டுமானால் மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் கேளுங்கள். தவறாக வழிநடத்தும் சுற்றுச்சூழல் விளம்பரங்களுக்கு எதிராக 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுவாக எழுதாமல், ‘பெட்டி: லேமினேஷன் இல்லாத அட்டை, பை: பாலித்தீன், இரண்டையும் பிரித்துப் போடவும்’ என்று எழுதுங்கள். வாங்குபவருக்கு அதுதான் உதவும்.

லேபிளுக்கான இடத்தைக் கடைசியில் தேடாதீர்கள். அழகுசாதன விதிகள் 2020, பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் 2011 இரண்டும் கேட்பவை: பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர் முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருட்கள், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், பயன்படுத்தும் காலக்கெடு, புகார் தொடர்பு. 52 மி.மீ. பட்டையில் இவையெல்லாம் அடங்கும், அடிப்பக்கம் முழுவதையும் ஒதுக்கினால். முதலில் இந்த விவரங்களை வைத்துவிட்டு மிஞ்சும் இடத்தில் படம் வரையுங்கள்.

மறுநிரப்பல்

எண்ணெயில்தான் தொடங்க வேண்டும். திரும்பிய கண்ணாடிப் பாட்டிலைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, அலசி, தலைகீழாக ஒரு முழு நாள் காயவிடுங்கள். உள்ளே நின்ற ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், எண்ணெய் கெட. பெட் பாட்டில் 70 டிகிரி நெருங்கும்போதே உருக்குலையும், அதைத் திரும்ப நிரப்ப எடுக்காதீர்கள். மூடி ஒவ்வொரு முறையும் புதிது. தண்ணீர் உள்ள ஷாம்பு, லோஷன் போன்றவற்றில் கிருமி எளிதில் பெருகும். அதில் சேர்த்த, கெடாமல் காக்கும் பொருள் போதுமானதா என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் அவற்றை மறுநிரப்பலில் விற்க வேண்டாம். வைப்புத்தொகை பாட்டிலின் வாங்கிய விலைக்குக் குறையாமல் இருக்கட்டும். ஐந்து ரூபாய்க்காக யாரும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

அனுப்பும் பெட்டி

மொத்த எடை 5 கிலோவுக்குள் மூன்று அடுக்கு நெளி அட்டை, மேலே போனால் ஐந்து அடுக்கு. பெட்டியை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. குமிழ் உறைக்குப் பதில் கசக்கிய பழைய காகிதம் திணியுங்கள். நிரப்பிய பெட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை போட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் நெளி அட்டைத் தடுப்பு வேண்டும். ஒட்டுவதற்குத் தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித நாடா நல்லது, அட்டையோடு சேர்ந்தே கூழாகும். மழைக்காலத்தில் அந்த நாடாவை உலர்ந்த டப்பாவில் மூடி வையுங்கள். ஈரக்காற்றில் சுருளே ஒட்டிக்கொண்டுவிடும். பெட்டியின் மேல் தூசி இருந்தாலும் பிடிக்காது என்பதால் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒட்டி, பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.